தாமான் நெகாரா மழைக்காடு: கையைக் கடிக்காத செலவில் போய்வர முழுமையான வழிகாட்டி

தாமான் நெகாராவுக்குப் போய்வர நிறையப் பணம் வேண்டும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 'இரண்டு நாள், ஓர் இரவு' சுற்றுலாத் தொகுப்பின் விலையை மட்டும் பார்த்தவர்கள். கோலாலம்பூரில் காலையில் ஏற்றிக்கொண்டு, மதியம் காட்டோரத்தில் இறக்கி, மாலையில் ஒரு நடை, மறுநாள் ஒரு படகுச் சவாரி என முடித்து, இருட்டுவதற்குள் நகரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த விலையில் பெரும்பகுதி அவசரத்துக்காகக் கொடுப்பது. அவசரத்தை விட்டுவிட்டால் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காட்டையும் நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தக் காடு தீபகற்ப மலேசியாவின் நடுவில், பகாங், கிளாந்தான், திராங்கானு என்ற மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1930களின் இறுதியில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வேட்டை அதிகாரியாக இருந்த தியோடர் ஹப்பாக் பல ஆண்டுகள் விடாமல் வாதாடியதும், மூன்று மாநில சுல்தான்களும் நிலத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்ததும்தான் அதற்குக் காரணம். விடுதலைக்குப் பிறகு இப்போதைய பெயர் வந்தது. இன்று இதைப் பராமரிப்பது 'பெர்ஹிலித்தான்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை.

செலவின் கணக்கு

இங்கே செலவு இரண்டு வகை. போய்ச் சேரவும் திரும்பவும் ஆகும் செலவு ஒரு முறைதான்; ஒரு நாள் தங்கினாலும் ஐந்து நாள் தங்கினாலும் மாறாது. தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆகும் செலவு வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு: ஒரு டார்மிட்டரி படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, ஆற்றைக் கடக்கச் சில்லறை. பூங்காவின் நுழைவு அனுமதிக்குப் பல ஆண்டுகளாக 1 ரிங்கிட்டும், கேமரா உரிமத்துக்கு 5 ரிங்கிட்டும்தான் வாங்கி வந்தார்கள். அனுமதிச் சீட்டு எடுக்கும்போது அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்; மொத்தச் செலவில் அது பெரிய தொகையாக இருக்காது.

ஆகவே நாட்களைக் கூட்டுவதுதான் இங்கே சிக்கனம். குறைந்தது நான்கு இரவுகளாவது ஒதுக்குங்கள். மழைக்காட்டில் முதல் நாள் எதுவும் கண்ணில் படாது. பச்சை நிறமும், சில்வண்டுகளின் இரைச்சலும், சட்டையை உடம்போடு ஒட்ட வைக்கும் புழுக்கமும்தான் இருக்கும். இரண்டாம் நாள் காது பழகும். மூன்றாம் நாளிலிருந்து சருகு அசைவது காற்றாலா, கேளையாடு என்னும் சிறு மானாலா என்று பிரித்தறிய ஆரம்பிப்பீர்கள். தொகுப்பில் போகிறவர்கள் அந்த மூன்றாம் நாளைப் பார்ப்பதே இல்லை.

எந்த வாசல்?

பூங்காவுக்கு நான்கு வாசல்கள் உண்டு. பகாங்கில் கோலா தகானும் மெராப்போவும், கிளாந்தானில் கோலா கோ, திராங்கானுவில் கென்யிர் ஏரிப் பக்கமுள்ள தஞ்சோங் மெந்தோங். முதல் முறை போகிறவர்களுக்கு நான் கோலா தகானையே சொல்வேன். பஸ் போகிறது, மலிவான தங்குமிடங்கள் நிறைய, வழிகாட்டி இல்லாமல் நடக்கக்கூடிய பாதைகள் அங்கேதான் அதிகம். மற்ற மூன்றுக்கும் போவதென்றால் சொந்த வண்டியோ முன்னேற்பாடோ வேண்டும். மெராப்போ பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எப்போது போவது?

மார்ச் முதல் செப்டம்பர் வரை மழை ஒப்பீட்டளவில் குறைவு. மழைக்காடு என்பதால் அந்த மாதங்களிலும் பிற்பகலில் ஒரு மழை கொட்டத்தான் செய்யும். ஏப்ரல், மே மாதங்களில் வாரநாட்களில் போனால் கூட்டம் இருக்காது, தங்குமிடத்தில் விலை பேசவும் இடமிருக்கும். மலேசியப் பள்ளி விடுமுறையையும் நீண்ட வார இறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள்.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. முன்பெல்லாம் இந்தக் காலத்தில் பூங்காவையே மூடிவைப்பது வழக்கம். இப்போது திறந்திருந்தாலும் நான் போகச் சொல்லமாட்டேன். 2014 டிசம்பரில் பூங்காவை ஒட்டி ஓடும் தெம்பிலிங் ஆறு பெருக்கெடுத்தபோது சுற்றுலாப் பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று. பருவம் தவறி வந்தால் அறை மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பாதைகள் மூடிக் கிடக்கும்போது அறை மலிவாகக் கிடைத்து என்ன பயன்?

போய்ச் சேர்வது

முதல் இலக்கு ஜெராண்டுட் என்ற சிறு நகரம். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜெராண்டுட் பஸ்கள் நெடுங்காலமாக தித்திவங்சா பக்கத்திலுள்ள பெக்கெலிலிங் நிலையத்திலிருந்து புறப்பட்டு வந்தன. டிக்கெட் எடுக்கும்போது புறப்படும் இடத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். நேரடிப் பஸ் கிடைக்காவிட்டால் தெமர்லோவுக்குப் போய் அங்கிருந்து மாறலாம்.

ஜொகூர் பாரு அல்லது சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ரயில் நல்ல வழி. கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை காட்டையும் தோட்டங்களையும் ஊடறுத்துப் போகும் கிழக்குக் கரைப் பாதை ஜெராண்டுட் வழியாகத்தான் செல்கிறது. இரவு ரயிலில் ஏறினால் ஒரு இரவின் தங்குமிடச் செலவும் மிச்சம். நள்ளிரவு தாண்டிய வேளையில் இறங்க வேண்டியிருக்கும் என்பதால், அலாரம் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

ஜெராண்டுட்டில் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளை மறக்கக் கூடாது. ஒன்று, தங்கப்போகும் எல்லா நாட்களுக்குமான பணத்தை அங்கேயே ஏடிஎம்மில் எடுத்துக்கொள்வது. கோலா தகானில் ஏடிஎம்மை நம்பிப் போகக் கூடாது; படகுக்காரரும் சாப்பாட்டுக் கடையும் ரொக்கமே எதிர்பார்ப்பார்கள். சிறு நோட்டுகளாக வைத்திருங்கள். இரண்டாவது, பிஸ்கட், ரொட்டி, கடலை, பேரீச்சம்பழம், உடனடி நூடுல்ஸ் போன்றவற்றை நகரத்திலேயே வாங்குவது. கிராமத்துக் கடைகளில் இவை கிடைக்கும். விலைதான் கொஞ்சம் கூடுதல்.

அங்கிருந்து கோலா தகானுக்கு இரண்டு வழி. சாலை வழியாகப் போனால் சுமார் 70 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். உள்ளூர்ப் பஸ் ஒரு நாளைக்குச் சில முறைதான் ஓடும். அதுதான் மிகமிக மலிவு. பஸ் தவறிவிட்டால் நிலையத்தில் காத்திருக்கும் மற்ற பயணிகளோடு சேர்ந்து டாக்சியோ வேனோ பிடிக்கலாம். இன்னொரு வழி, கோலா தெம்பிலிங் படகுத்துறையிலிருந்து நீளமான மரப்படகில் மூன்று மணி நேரம் ஆற்றை எதிர்த்துப் போவது. கரையில் எருமைகள் நீரில் கிடக்கும், மீன்கொத்திகள் படகுக்கு முன்னால் பறக்கும்; அழகான பயணம்தான். ஆனால் பஸ்ஸைவிடப் பல மடங்கு கட்டணம், ஆள் சேர்ந்தால்தான் புறப்படவும் செய்வார்கள். சிக்கனமாகப் போகிறவர்கள் சாலையிலேயே போய்விட்டு, அந்தப் பணத்தைப் பூங்காவுக்குள் படகேறுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஏன் என்று பின்னால் வருகிறது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா விலக்கு தரப்பட்டது. அது காலவரையறையுள்ள சலுகை, விமான டிக்கெட் எடுக்கும் முன் சரிபாருங்கள். எம்டிஏசி எனப்படும் மின்னணு வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது முற்றிலும் இலவசம்; பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

தங்குவதும் சாப்பிடுவதும்

கோலா தகானில் தெம்பிலிங் ஆறுதான் எல்லை. ஒரு கரையில் கிராமம்; எதிர்க்கரையில் பூங்கா அலுவலகம், ரிசார்ட், காடு. ரிசார்ட்டின் ஓர் அறை வாடகையில் கிராமத்து விடுதியில் பல இரவுகள் தங்கலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது சில நிமிடப் படகுப் பயணம், ஓரிரு ரிங்கிட் கட்டணம். ஆகவே கிராமத்திலேயே தங்குங்கள். டார்மிட்டரிப் படுக்கை சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். விசிறி அறையே போதும். நாள் முழுதும் காட்டின் புழுக்கத்தில் இருந்துவிட்டு ஏசி அறையில் படுத்தால் உடம்பு மறுநாள் மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும். முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, மற்றவற்றை நேரில் பேசி முடிவு செய்வது நல்லது. அறை பார்க்கும்போது கேட்க வேண்டியவை மூன்று: கொசுவலை உண்டா, துணி காயப்போட நிழலான இடம் உண்டா, காட்டுக்குள் இரவு தங்கப் போகும்போது பெரிய பையை வைத்துவிட்டுப் போகலாமா?

சாப்பாடு ஆற்றில் மிதக்கும் உணவகங்களில். நாசி கோரெங் (வறுத்த சோறு), வதக்கிய கீரை, ஆற்று மீன், முட்டை எல்லாம் எளிதில் கிடைக்கும். மேட்டுக்கு ஏறிப் போனால் காலையில் நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் இன்னும் மலிவு. சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: கீரை வதக்கலில் இறால் விழுதும் சம்பல் என்ற மிளகாய் விழுதில் நெத்திலியும் சாதாரணமாகச் சேர்ப்பார்கள். இது மலாய் முஸ்லிம் கிராமம். கடைகளில் மது இருக்காது, உடையில் சற்றுக் கவனம் வேண்டும்.

அனுமதியும் முதல் நாளும்

ஆற்றைக் கடந்து பூங்கா அலுவலகத்தில் நுழைவுச் சீட்டை வாங்குங்கள். அங்கேயே இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். எந்தப் பாதைகள் இப்போது மூடப்பட்டுள்ளன? விலங்குகளைப் பார்க்க இரவு தங்கும் கண்காணிப்புக் குடில்களில் எதில் இடம் இருக்கிறது? இந்தச் சுருக்கமான பேச்சு, இணையத்தில் தேடிய பழைய தகவல்கள் அனைத்தையும்விட மதிப்புள்ளது.

முதல் நாளுக்கு தெரெசெக் குன்று போதும். முந்நூறு மீட்டரைத் தாண்டிய சிறு குன்று, பெரும்பகுதி மரப்படிகள். வானம் தெளிந்திருந்தால் உச்சியிலிருந்து வடக்கே தகான் மலைத்தொடர் தெரியும். அதே வழியில் மரமுடிகளுக்கு இடையே கட்டிய தொங்குபாலம் வருகிறது. தரையிலிருந்து 40 மீட்டர் உயரம் வரை நடக்க வேண்டும். தனிக் கட்டணம், சிறு தொகைதான். பராமரிப்புக்காக அவ்வப்போது ஒரு பகுதியோ முழுவதுமோ மூடப்படும். திறந்தவுடன் முதல் ஆளாகப் போய்விடுங்கள். பத்து பேர் பின்னால் வந்தால் பாலமும் ஆடும், பறவைகளும் போய்விடும். காலைக் குளிர்ச்சியில் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்குகளின் நீண்ட கூவல் அந்த உயரத்திலிருந்து கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் தேடாமல் சற்று நேரம் காதாலேயே கேளுங்கள்.

இந்தப் பாதைகளுக்கு வழிகாட்டி தேவையில்லை. லுபோக் சிம்போன் என்ற ஆற்றங்கரைக் குளியலிடமும் நடந்து போகும் தொலைவுதான். காது குகை என்று பொருள்படும் குவா தெலிங்காவுக்குள் தவழ்ந்து போக வேண்டும். வௌவால்களும் அவற்றைப் பிடிக்க வரும் பாம்பும் உள்ளே உண்டு. மழை பெய்துகொண்டிருக்கும்போது அதற்குள் நுழைய வேண்டாம்.

காட்டுக்குள் ஓர் இரவு

இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது இதுதான். விலையோ மிகக் குறைவு. விலங்குகள் மண்ணிலுள்ள உப்பை நக்க வரும் இடங்களைப் பார்த்தபடி, தூண்கள் மேல் கட்டிய மரக் குடில்களைப் பூங்கா வைத்திருக்கிறது. 'பும்புன்' என்று பெயர். ஒரு படுக்கைக்கு 5 ரிங்கிட் என்பதே பல ஆண்டுகளாக இருந்த கட்டணம். பும்புன் தகான் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இரவு தங்குவதில் பெரிய பயன் இல்லை. தாபிங்கும் பிளாவும் மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் வரும். எல்லாவற்றிலும் தொலைவானது கும்பாங், ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பாதை ஏறி இறங்கி, ஓடைகளைக் கடந்து போவதால் ஐந்து ஆறு மணி நேரம் பிடிக்கும்.

கும்பாங்கைத்தான் நான் பரிந்துரைப்பேன். சாலையில் வந்து மிச்சம்பிடித்த பணம் இங்கே உதவும். கோலா திரெங்கான் வரை படகில் போய், அங்கிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் குடில் வந்துவிடும். படகு வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று கிடையாது, படகுக்கு இவ்வளவு. நான்கு பேர் ஏறலாம். முந்தைய நாள் மாலை மிதக்கும் உணவகங்களில் பேச்சுக் கொடுத்து மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் கால் பங்கு செலவுதான். போகும்போது படகு, திரும்பும்போது நடை என்று வைத்துக்கொள்வது சிறந்த ஏற்பாடு: பிற்பகலில் களைப்பில்லாமல் போய்ச் சேரலாம், மறுநாள் காலை வெளிச்சம் முழுவதும் நடக்கக் கிடைக்கும்.

குடிலில் இருப்பது பலகைக் கட்டில்களும், ஜன்னலும், கழிப்பிடமும்தான். மின்சாரம் இல்லை. குடிநீரை எடுத்துச் செல்ல வேண்டும், ஆளுக்கு மூன்று லிட்டராவது. மெல்லிய உறக்கப் பை, விரிப்பு, டார்ச், மாற்று பேட்டரி, கொசு விரட்டி இவை கட்டாயம். வாடகைக்கு எடுக்க கிராமத்திலேயே கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டைப் பையில் கட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள். குடில் எலிகளுக்கு எந்த ஜிப்பும் தடையில்லை. வாசனை எழுப்பும் சமையல் எதுவும் வேண்டாம். நறுமணத் தைலமும் வேண்டாம்.

மாலை ஐந்து மணிக்குள் பேச்சை நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு விதியை மீறுவதால்தான் பெரும்பாலானோர் எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள். அந்தி மங்கும்போது முதலில் வருவது பெரும்பாலும் கேளையாடோ காட்டுப்பன்றியோ. இருட்டிய பின் எல்லோரும் விழித்திருக்கத் தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். காவலிருப்பவர் டார்ச்சை அணைத்தே வைத்திருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது கீழே தண்ணீர் சலசலத்தால், ஒளியை மெல்லப் புல்வெளியில் ஓட்டிப் பாருங்கள். கண்கள் மின்னினால் ஒளியை அதன் மேலேயே நிறுத்தாமல் சற்று விலக்கிப் பிடியுங்கள். விலங்கு ஓடாமல் மேயும். மிளாக்கள் வரும். அதிர்ஷ்டமிருந்தால் தபீர் வரும். முன்பாதி கருப்பு, முதுகும் பின்பகுதியும் வெள்ளை என்பதால் இருளில் முதலில் தெரிவது அந்த வெள்ளை மட்டுமே. வெளிறிய பாறை ஒன்று தானாக நகர்வது போல இருக்கும். தலை எங்கே என்று புரிந்துகொள்ளவே நேரமாகும். பிறகு குட்டித் தும்பிக்கை போன்ற மூக்கு நீண்டு சேற்றை முகர்வதைக் காணலாம்.

வராமலும் போகலாம். அதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டே போங்கள். எதுவும் வரவில்லை என்றாலும், விடிந்ததும் குடிலை விட்டு இறங்கிச் சேற்றைப் பாருங்கள். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல் பதிந்த தடம் இருந்தால், நீங்கள் தூங்கிய நேரத்தில் தபீர் வந்து போயிருக்கிறது. திரும்பி நடக்கும் வழியில், சருகே இல்லாமல் பெருக்கிவிட்டது போலச் சில மீட்டர் அகலத்துக்குச் சுத்தமான தரை தெரிந்தால் அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். அது ஆர்கஸ் கோழியின் ஆட்டக்களம். பெட்டையை அழைக்கும் ஆண் பறவை ஒவ்வொரு இலையாகத் தானே அகற்றி வைத்த இடம் அது.

புலியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மலேசியக் காடுகள் முழுவதிலும் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்பது அண்மைய தேசியக் கணக்கெடுப்பின் மதிப்பீடு. பார்ப்பதற்கான வாய்ப்பு அநேகமாக இல்லை. யானை விஷயம் வேறு. புதிய சாணமோ முறிந்த மூங்கிலோ கண்டால் நின்று கேளுங்கள். அருகில் சத்தம் வந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எதற்குப் பணம் கொடுக்கலாம்?

இரவு நடைக்குக் கொடுக்கலாம். வழிகாட்டியோடு ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் இலையின் அடியில் தூங்கும் குச்சிப்பூச்சியையும், புறஊதா விளக்கில் நீலப்பச்சையாக ஒளிரும் தேளையும் பழகாத கண் தானாகக் கண்டுபிடிக்காது. ஒரு முறை கற்றுக்கொண்டால் மற்ற இரவுகளில் விடுதியின் பின்புறமே உங்களுக்குப் போதும். தகான் ஆற்றில் லாத்தா பெர்க்கோ அருவிப் பக்கம் போகும் படகையும் பங்கிட்டு எடுக்கலாம். இருபுறமும் மரங்கள் தலைக்கு மேல் கூடி நிற்கும் குறுகிய ஆறு அது. இருவாச்சிகள் கடந்து போகும்போது சிறகடிப்பின் ஓசை படகு வரை கேட்கும்.

வேகநீரில் படகை ஓட்டி எல்லோரையும் நனைக்கும் சவாரிக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் களிப்பு எந்த ஆற்றிலும் கிடைக்கும். அதன் இரைச்சலில் கரையிலுள்ள அத்தனையும் ஓடிவிடும்.

பாத்தேக் குடியிருப்புக்குச் செல்லும் சுற்றுலா பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பாத்தேக் மக்கள் தீபகற்பத்தின் ஆதிகுடிகளான ஒராங் அஸ்லிகளில் ஒரு பிரிவினர். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் பிரம்பு சேகரித்தும் வாழ்ந்தவர்கள். பூங்காவுக்குள் வாழவும் உணவு தேடவும் அவர்களுக்கு இடமுண்டு. இது அவர்களுடைய காடு, நாம் விருந்தினர். அரை மணி நேரத்தில் தீக்கடைந்து காட்டச் சொல்லி, ஊதுகுழல் அம்பை எய்யச் சொல்லி, குழந்தைகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் வருகைகள் எனக்கு உடன்பாடில்லை. போவதானால், கட்டணத்தில் எவ்வளவு அந்தக் குடும்பங்களுக்குச் சேருகிறது என்று ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள். அவர்கள் விற்கும் மூங்கில் சீப்பையோ ஊதுகுழலையோ பேரம் பேசாமல் வாங்குங்கள். இருமலோ காய்ச்சலோ இருந்தால் எந்த நிலையிலும் போகக் கூடாது. 2019இல் கோலா கோ பகுதியில் பாத்தேக் மக்கள் பலர் இறந்தார்கள். தட்டம்மை பரவியிருந்ததைச் சுகாதார அமைச்சு உறுதிப்படுத்தியது. நமக்கு நான்கு நாள் காய்ச்சல், அவர்களுக்கு உயிர்.

அட்டை, காலணி, உடல்நலம்

விலை உயர்ந்த மலையேற்றக் காலணி தேவையில்லை. மலேசியாவில் 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாக அழைக்கப்படும் கருப்பு ரப்பர் காலணியைச் சிறு நகரத்துக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் தொழிலாளர்கள் போடுவது. காட்டு வழிகாட்டிகள் பலரும் இதைத்தான் அணிகிறார்கள். அடியில் உள்ள குமிழ்கள் சேற்றைப் பிடிக்கும், தண்ணீரில் நனைந்தாலும் ஊறாது, உதறினால் காய்ந்துவிடும். ஊரிலேயே ஒரு நாள் போட்டு நடந்து பார்த்துவிட்டு, தடித்த காலுறையோடு அணியுங்கள். இல்லையேல் குதிகால் உரிந்துவிடும்.

மழை பெய்த மறுநாள் அட்டைகள் நிச்சயம். தரைச் சருகிலிருந்து ஏறுபவை கடிப்பதே தெரியாது. முழங்கால் உயரச் செடிகளின் இலைநுனியில் காத்திருக்கும் வரிப்புலி அட்டை கடித்தால் சுருக்கென்று எரியும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டு, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒட்டிக்கொண்டதை உப்பு போட்டோ நெருப்பு வைத்தோ விரட்டக் கூடாது. அது உமிழ்வது காயத்துக்குள் போகும். மெல்லிய வாய் முனையின் அடியில் நகத்தைச் சரித்துத் தள்ளுங்கள், விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அட்டை செலுத்தும் பொருளால் சற்று நேரம் ஒழுகத்தான் செய்யும். கழுவி, அழுத்திக் கட்டினால் போதும். அட்டையால் நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால் சரி.

உண்மையில் கவலைப்பட வேண்டியது கொசுவும் வெப்பமும். டெங்கி நாடு முழுவதும் உண்டு. உள்காடுகளில் குரங்குகளிடமிருந்து பரவும் ஒரு வகை மலேரியாவும் இருப்பதால், பல இரவுகள் காட்டில் தங்கத் திட்டமிடுவோர் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மழைக்காட்டில் இருந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நடக்கும்போது வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் தலை கிறுகிறுக்கும்; உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

தனியாக நடப்பவர்கள் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். காட்டுக்குள் கைப்பேசி சிக்னலை எதிர்பார்க்க முடியாது. சூரியன் மறைவது ஏழு மணிக்கு மேல்தான் என்றாலும் மரக்கூரையின் கீழே ஆறரைக்கே இருட்டிவிடும். ஓடையில் நீர் திடீரென்று கலங்கினால் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது; கடக்காமல் காத்திருங்கள்.

மலையேற விரும்புவோருக்கு

தகான் மலை 2,187 மீட்டர். தீபகற்ப மலேசியாவிலேயே உயரமானது. இதற்கு வழிகாட்டி கட்டாயம். கோலா தகானிலிருந்து ஏறி இறங்க ஒரு வாரம் ஆகும், ஆறுகளை மீண்டும் மீண்டும் கடக்க வேண்டும். மெராப்போ வழியாக ஏறினால் நான்கு நாளில் முடிக்கலாம், செலவும் குறையும்; மெராப்போ ஊர் வரை ரயிலும் உண்டு. வழிகாட்டிக் கட்டணம் குழுவுக்கு என்பதால் தனியாகப் போவது கட்டுப்படியாகாது. மலேசிய மலையேற்றக் குழுக்கள் ஏற்பாடு செய்யும் பயணத்தில் ஓர் இடம் கேட்டுச் சேர்ந்துகொள்வதே நடைமுறை வழி. புறப்படும் முன் நீங்கள் கொண்டுபோகும் பிளாஸ்டிக், டின் பொருட்களைப் பூங்கா ஊழியர்கள் பட்டியலிடுவார்கள். இறங்கியதும் அதே பட்டியலை வைத்துக் குப்பையை எண்ணிப் பார்ப்பார்கள். ஆகவே பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாவற்றின் உறைகளையும் முன்னமே பிரித்து, துணிப்பையிலும் டப்பாவிலும் மாற்றிக்கொண்டு போங்கள். பாரமும் குறையும், எண்ணிக்கையும் எளிதாக முடியும்.